வானொலியைப் பாடிய பாடல்கள்

மனிதன் ஆக்கிய கருவிகள் அவனுடைய பாட்டினுள் இடம்பெறுதல் புதுமையன்று. ஏரும் தேரும் ஓடமும் ஊசலும் பண்டே பாட்டுக்குப் பொருளாயின. புகைவண்டியும் தந்தியும் பின்னர் அவ்வரிசையிற் சேர்ந்தன. இவற்றுள் வானொலி ஒருவகையில் தனித்து நிற்பது. தேரைப் பாடிய பாட்டைத் தேர் சுமந்து திரிந்ததில்லை. வானொலியைப் பாடிய பாட்டையோ வானொலியே சுமந்து சென்று வீடுதோறும் சேர்த்தது. பாடுபொருளும் பாட்டின் ஊர்தியும் ஒன்றாய் அமைந்த இந்நிலை அரிதாகக் காணப்படுவது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலத்தில் எழுந்த மெல்லிசைப் பாடல்களுள் வானொலியைப் பொருளாகக் கொண்டவை பல. அவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அவற்றைப் பாடியோர் தம் குரல் ஒலிபரப்பாகக் கேட்டவர்கள். நிலையங்களின் உள்ளும் புறமும் அறிந்தவர்கள். எனினும் அவர்தம் பாட்டு நிலையத்தை விட்டு நீங்கி, பெட்டியின் இப்பக்கத்தே, ஓர் அறையிற் செவிசாய்த்திருக்கும் ஒருவனையே நாடிச் செல்கின்றது. வானொலிப் பாட்டு என்பது உண்மையிற் கேட்போன் பாட்டேயாம். ஆதலின் அக்கேட்போனை எத்துணை நுண்மையாகக் காட்டுகின்றது என்பதே அதன் தரத்தை அளக்குங் கோலாதல் வேண்டும். கருவியின் பெருமையைப் பொதுவகையாற் புகழும் பாட்டு, எத்துணைப் பெயர் பெற்றதாயினும், இரண்டாந் தரத்ததே என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலும் கருவும் உரியும்

இப்பாடல்களை ஆராய்வதற்குத் தொல்காப்பியர் அகத்திணைக்கு வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு பெரிதும் துணைசெய்யும். வேற்றுமொழிப் பாட்டுக்கு அதனைப் பொருத்துதல் வலிந்து செய்வது போலத் தோன்றலாம். ஆயின் நிலமும் பொழுதும் ஆங்குள்ள பொருள்களும் உள்ளத்து ஒழுக்கத்தோடு இயைந்து நிற்றல் ஒரு மொழிக்கே உரிய இயல்பன்று. முதலினுங் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்று உரையாசிரியர் உரைத்ததும் ஈண்டு நினைவுகொள்ளத் தக்கது.

முதற்பொருளுள் நிலம், பெரும்பாலும் படுக்கையறை. சிலவிடத்து, ஓடும் மோட்டார் வண்டி. பொழுது, இரவு. இரவு இப்பாடல்களிற் பலகாலும் வருவது கவிமரபு மட்டும் பற்றியதன்று. பௌதிகவியலும் அதற்குக் காரணமாகும். பகலில் அயன மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். கதிரவன் மறைந்தபின் அவ்வடுக்கு நலிய, மேலடுக்குக்கள் அலைகளை மீண்டும் நிலத்துக்குத் திருப்பிவிடும். எனவே பகலிற் கேளாத சேய்மை நிலையங்கள் இரவிற் கேட்டன. அவையும் ஒருசீராய்க் கேட்கவில்லை. ஒலி உயர்ந்தும் தாழ்ந்தும் ஒரோவழி முற்றாய் மறைந்தும் வரும். வீட்டார் உறங்கும் வேளையில் உலகம் வந்து பேசியது என்பது இளைஞர் பலர்க்குக் கற்பனையன்று, நடந்த செய்தி.

கருப்பொருள்களாவன: வால்வுகளின் மங்கிய ஒளி, சுழற்றுங் குமிழ், ஊர்ப்பெயர் பொறித்த கண்ணாடித் தட்டு, இரைச்சல், அறிவிப்பாளர் குரல். 1954இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்ரர் வானொலி விற்பனைக்கு வந்தபின் பெட்டி சட்டைப்பைக்குள் அடங்கியது. குடும்பத்துக்குப் பொதுவாய் இருந்த செவி ஒருவர்க்கே உரிய செவியாயிற்று. வான் மொறிசன் 1967இல் வெளியிட்ட ‘பிறவுண் ஐட் கேர்ள்’ என்னும் காதற் பாட்டில் இச்சிறு பெட்டி இடம்பெறுதல் அம்மாற்றத்துக்குச் சான்று.

உரிப்பொருள் இரண்டு. பாட்டு வரும் என்று காத்திருக்கும் இருத்தல் ஒன்று. வந்துகொண்டிருந்த பாட்டு இனி வாராது என்னும் இரங்கல் மற்றொன்று. வானொலி வாழ்ந்த காலத்துப் பாட்டு முல்லையையும், அது தேய்ந்த காலத்துப் பாட்டு நெய்தலையும் சார்தல் இயல்பு.

தடையும் தொலைவும்

இப்பாடல்களின் பின்னணியாய் நின்ற வரலாறு சிறிது கூறற்பாலது. பிரித்தானியாவில் 1950களில் ஒலிபரப்பு பி.பி.சி.க்கே உரியதாயிருந்தது. இசைவாணர் சங்கத்தோடும் இசைத்தட்டு நிறுவனங்களோடும் செய்த உடன்பாட்டால் அது நாடோறும் ஒலிக்கச் செய்யத்தக்க இசைத்தட்டு நேரம் குறுகியிருந்தது. அமெரிக்க நாட்டிலிருந்து வந்த புதிய துள்ளிசைக்குப் பசித்திருந்த இளைஞர், 208 மீற்றர் மத்திய அலையில் மாலையும் இரவும் ஆங்கிலத்தில் ஒலித்த லக்சம்பேர்க் வானொலியை நாடினர். 1933இல் தொடங்கிய அதன் ஆங்கில ஒலிபரப்பு, போரால் இடையிட்டு, 1992 வரை நிலவியது. 1964இல் கடலில் நின்ற கப்பலிலிருந்து கறோலைன் வானொலி ஒலித்தது. ஈற்றில் பி.பி.சி. தானே 1967இல் இளைஞர்க்கென முதலாம் வானொலியைத் தொடங்க நேர்ந்தது.

இவ்வரலாற்றுக்கு நிகரானதொன்று இலங்கையோடு தொடர்புற்று நிகழ்ந்தமை இந்நாட்டார் நன்கறிந்ததே. 1952 தொடக்கம் 1962 வரை இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த கேஸ்கர், அகில இந்திய வானொலியிற் திரைப்பாடலுக்கு இடங்குறைத்தார். அவ்விடத்தை நிரப்பியது இலங்கை வானொலியின் சிற்றலை வர்த்தக சேவை. அமீன் சயானி 1952 முதல் நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’ பம்பாயிற் பதிவாகி, கொழும்பிலிருந்து ஒலித்து, மீண்டும் இந்தியரின் வீடுகளை அடைந்தது. தமிழகத்திலும் மயில்வாகனன் முதலிய தமிழ் அறிவிப்பாளர் குரலுக்குச் செவிகள் காத்திருந்தன. 1957இல் விவித பாரதி தொடங்கியதும் இதன் பயனே. பெல்பாஸ்ற் நகரத்துச் சிறுவனுக்கு லக்சம்பேர்க் எப்படியோ, அப்படியே எண்ணற்ற இந்திய இல்லங்களுக்குக் கொழும்பு விளங்கியது. அருகில் மறுக்கப்பட்ட பாட்டு தொலைவிலிருந்து வந்தது. தொலைவு அதற்கு ஒரு சுவையைக் கூட்டியது.

முழந்தாளிட்ட சிறுவன்

இவ்வகைப் பாடல்களுள் தலைசிறந்ததென ஒன்றைச் சுட்டவேண்டின், அது ‘இன் த டேய்ஸ் பிபோர் றொக் அன்ட் றோல்’ என்பதாகும். 1945இல் பெல்பாஸ்ற்றிற் பிறந்த வான் மொறிசனும் அயர்லாந்துக் கவிஞர் போல் டேர்க்கனும் இணைந்து ஆக்கிய இப்பாட்டு 1990இல் ‘என்லைற்ரின்மென்ற்’ என்னும் இசைத்தட்டில் வெளிவந்தது. டேர்க்கன் அதனைப் பாடவில்லை, பேசுகின்றார். அப்பேச்சு நினைவு மேலெழுந்தவாறே தட்டுத்தடுமாறி, சொன்னதையே மீளச் சொல்லிச் செல்கின்றது. நிலையம் தேடும் கையின் அசைவையே அச்சொல்லின் அசைவும் பின்பற்றுகின்றது எனலாம்.

பாட்டிற் காணப்படுவது இவ்வளவே: ஒருவன் ரெலிபங்கன் பெட்டியின் முன் முழந்தாளிட்டுக் குமிழைத் திருப்புகின்றான், லக்சம்பேர்க், அத்லோன், புடாபெஸ்ற், ஹில்வேர்சம் என நிலையப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, அவற்றினூடே பற்ஸ் டொமினோ, எல்விஸ் பிறெஸ்லி முதலியோர் வந்து சேர்கின்றனர். வானொலி சிறந்தது என்றோ, அக்காலம் இனியது என்றோ பாட்டு வாதிடுவதில்லை. ஊர்ப்பெயர்களின் அடுக்கே அச்சிறுவனின் உலகத்தை விரித்துக் காட்டிவிடுகின்றது. அவ்வூர்களில் ஒன்றையும் கண்டிராத ஒருவனுக்கு அவை கண்ணாடித் தட்டில் விரற்கடை இடைவெளியில் அயலயலே நின்ற ஊர்கள். நாட்டெல்லைகள் அத்தட்டில் இல்லை. போருக்குப் பிந்திய ஐரோப்பா இருகூறாய்ப் பிளந்து நின்ற காலத்தில், புடாபெஸ்ற்றும் லக்சம்பேர்க்கும் ஒரே குமிழின் சுழற்சிக்குள் அடங்கின என்பதைப் பாட்டு சொல்லாமலே உணர்த்துகின்றது.

இன்னொரு நயமும் கருதத்தக்கது. நிலையம் தெளிவாகக் கிடைத்தலை ‘உள்ளே வருதல்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்திற் கூறுவர். வீட்டினுள் விருந்தினர் புகுதலுக்கும் அச்சொல்லே வழங்கும். அக்குமிழ்கள் இல்லையேல் அப்பாடகர் எவரும் உள்ளே வந்திரார் என்னும் கருத்துப் பாட்டில் வருமிடத்து, அவ்விரு பொருளும் ஒன்றாகின்றன. அமெரிக்கத் தென்னாட்டுக் கறுப்பினப் பாடகர், பெல்பாஸ்ற் தொழிலாளர் தெருவொன்றின் சிறு வீட்டுக்கு நள்ளிரவில் விருந்தாக வருகின்றனர். கதவைத் திறந்தவன் அச்சிறுவன், திறவுகோல் அக்குமிழ்.

முழந்தாளிடல் வழிபாட்டுக்குரிய நிலை. ஆயினும் பாட்டு அதனை வழிபாடு என்று பெயரிடவில்லை. பெட்டி தாழ இருந்ததால் முழந்தாளிட்டான் என்று கொள்ளினும் பொருந்தும். இதனை அல்பேட் பிறம்லி 1930களில் இயற்றிய ‘ரேர்ண் யுவர் றேடியோ ஒன்’ என்னும் கிறித்தவ பத்திப் பாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஆங்கு வானொலி இறைவனோடு தொடர்புகொள்ளும் வழிக்கு வெளிப்படையான உருவகம். அது எளிய மக்களுக்கு நேரே சென்று பயன் விளைத்தது; அதன் நோக்கமும் அதுவே. டேர்க்கன் கையாண்டதோ நம்மவர் உள்ளுறை என்று கூறும் நெறிக்கு அண்மையது. கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளைக் கேட்போன் நெஞ்சுக்கு விட்டுவிடுகின்றது. பத்தி என்ற சொல் இல்லாமலே பத்தி உண்டாகின்றது.

மறு ஆண்டில் மொறிசன் வெளியிட்ட ‘ஒன் ஹைன்ட்போட் ஸ்ரீற்’ என்பதும் லக்சம்பேர்க்கை நினைவுகூர்கின்றது. ஆங்கு அது கோடையிரவின் அமைதியோடும் தெருவின் பிற ஒலிகளோடும் ஒன்றாய்க் கலந்து வருகின்றது. வானொலியைத் தனியே எடுத்துப் போற்றாது ஓர் ஊரின் கருப்பொருளாக வைத்தமையால் அந்நினைவு உறுதிபெறுகின்றது.

அறையும் வீதியும்

அமெரிக்கப் பாடல்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. வெல்வெற் அண்டர்கிறவுண்ட் குழுவினர்க்காக லூ றீட் ஆக்கி 1970இல் வெளிவந்த ‘றொக் அன்ட் றோல்’ என்பதில், தன்னைச் சூழ ஒன்றுமே நிகழவில்லை என்று உணரும் ஐந்து வயதுச் சிறுமி ஒருநாள் நியூ யோர்க் நிலையம் ஒன்றைத் திருப்பிவிட, இசை அவள் வாழ்வைக் காத்துவிடுகின்றது. இது மிகைக்கூற்று எனின், ஆம். ஆயின் மிகை குழந்தைக்கு இயல்பு. குழந்தையின் அளவையால் உலகை அளந்தமையே அப்பாட்டின் வலிமை.

ஜொனதன் றிச்மன் இயற்றி, மொடேர்ண் லவேர்ஸ் குழுவினர் 1972இற் பதிவுசெய்த ‘றோட்றன்னர்’ வண்டிக்குள் நிகழ்வது. பொஸ்ரன் நகரைச் சூழ்ந்து செல்லும் 128ஆம் இலக்க நெடுஞ்சாலையில், குளிர்ந்த இரவில், ஒருவன் தனியே வண்டியோட்டுகின்றான். வானொலி ஒலிக்கின்றது. பெரும்பாலும் இரு சுரக்கூட்டுக்களே மாறிமாறி வரும் அவ்விசை சாலையின் ஒருமையை அப்படியே தருகின்றது. தனிமையை அவன் மறைக்கவில்லை; அத்தனிமையே அவனுக்கு உவகையாகின்றது. தான் ஒருவனே கேட்கின்றான். ஆயின் தன்போற் பலர் அவ்வேளையில் அதனையே கேட்கின்றனர் என்பதையும் அறிவான். தனித்திருந்தும் கூட்டத்துள் இருத்தல் என்னும் இவ்வுணர்வு வானொலி கேட்டலுக்குச் சிறப்பாக உரியது. நூல் தனிமையைத் தரும். அரங்கு கூட்டத்தைத் தரும். வானொலி இரண்டையும் ஒருங்கே தந்தது.

இருத்தலிலிருந்து இரங்கலுக்கு

றிச்சட் கார்ப்பென்ரரும் ஜோன் பெற்றிசும் எழுதிக் கார்ப்பென்ரர்ஸ் உடன்பிறப்பினர் 1973இல் வெளியிட்ட ‘யெஸ்ரடே வன்ஸ் மோர்’ இரண்டு உரிப்பொருள்களுக்கும் இடையே நிற்பது. இளமையில் விருப்பப் பாடல்களுக்காக வானொலியருகே காத்திருந்ததையும், அவை வந்தபோது உடன் பாடியதையும் பாடுபவள் நினைக்கின்றாள். அப்பாடல்கள் மீண்டும் ஒலிக்க, உவகையும் கண்ணீரும் சேர்கின்றன. ‘நௌ அன்ட் தென்’ என்னும் அவ்விசைத்தட்டின் இரண்டாம் பக்கம் இப்பாட்டோடு தொடங்கி, பழம்பாடல்களின் தொகுதியை அறிவிப்பாளர் குரலோடு ஒரு வானொலி நிகழ்ச்சியாகவே அமைத்துக் காட்டுகின்றது. இதன் இனிமை மிகுதி. அதுவே இதன் இடரும் ஆகும். எந்தப் பாட்டு, எந்த ஊர், எந்த இரவு என்று குறித்துக் கூறாமையால் எவரும் தம் நினைவை இதனுள் வைத்துக்கொள்ளலாம். உலகெங்கும் இது பரவியதற்கு அப்பொதுமையே காரணம். டேர்க்கனின் பாட்டுக்குள்ள அழுத்தம் இதற்கு இல்லாமைக்கும் அதுவே காரணம்.

இரங்கற் பாடல்களுள் பெயர்பெற்றவை இரண்டு. பகிள்ஸ் குழுவினரின் ‘வீடியோ கில்ட் த றேடியோ ஸ்ரார்’ 1979இல் வெளிவந்தது. ரெவர் ஹோண், ஜெவ் டௌன்ஸ், புறூஸ் வூலி என்போர் அதனை இயற்றினர். 1952இல் உறங்காது கிடந்து வானொலியில் ஒரு குரலைக் கேட்ட சிறுவன், அக்குரலுக்குரியவரை, படக்காட்சி வென்றுவிட்ட பிற்காலத்தில் நோக்கி உரைப்பதாக அமைந்தது அது. ஹோணின் குரல் பழைய பெட்டியினூடே வருவதுபோலக் குறுக்கி ஒலிக்கச் செய்யப்பட்டுள்ளமை நுட்பமானது: இறந்துபட்டதாகக் கூறப்படும் கருவியின் குரலிலேயே அதன் இரங்கல் ஒலிக்கின்றது. 1981 ஓகத்து 1ஆம் நாள் அமெரிக்காவில் எம்.ரி.வி. என்னும் இசைத் தொலைக்காட்சி தன் முதற் காட்சியாக இப்பாட்டையே தேர்ந்தமை, கொன்றவன் இரங்கற்பா வாசித்தமை போன்றதாயிற்று.

குயீன் குழுவின் முரசொலிப்போர் றொஜர் ரெயிலர் இயற்றிய ‘றேடியோ கா கா’ 1984இல் வந்தது. அவருடைய இளமகன் மழலையிற் கூறிய ஒலியே அதற்கு வித்து. தனியே அமர்ந்து பெட்டியின் ஒளியை நோக்கியிருந்த சிறுவனோடு பாட்டுத் தொடங்குவதால் அதன் தொடக்கம் கேட்போன் பாட்டேயாகும். 1938இல் ஓர்சன் வெல்ஸ் நடத்திய செவ்வாய்க்கோளார் படையெடுப்பு நாடகமும், 1940இல் சேர்ச்சில் ஆற்றிய போர்க்கால உரையும் அதிற் குறிப்பாகச் சுட்டப்படுகின்றன. ஆயின் 1949இற் பிறந்த ரெயிலர் இவற்றைக் கேட்டிருத்தல் இயலாது. தன் நினைவு முடிந்து வரலாற்றின் பொது நினைவு தொடங்குமிடத்தே பாட்டு கேட்போனைக் கைவிட்டுக் கருவியைப் புகழத் தொடங்குகின்றது. வானொலி வெற்றொலியாகத் தேய்ந்ததைக் கண்டிக்க வந்த அசைகள், மக்கள் கைதட்டிப் பாடும் பல்லவியாய் முடிந்தன. 1985இல் வெம்பிளி அரங்கில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதற்குக் கைதட்டிய காட்சியைத் தொலைக்காட்சியே உலகுக்குக் காட்டியது. அது மாண்புடைய காட்சியே. ஆயினும் தனியறைச் சிறுவன் அக்கூட்டத்துள் மறைந்துபோனான்.

அங்கதமும் ஐயமும்

வானொலியை வெகுண்டு பாடிய பாடல்களும் உள. எல்விஸ் கொஸ்ரெலோவின் ‘றேடியோ றேடியோ’ அவற்றுள் முதன்மையானது. 1977 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், தொடங்கிய வேறொரு பாட்டை இடையில் நிறுத்தி அவர் இதனைப் பாடியமை பெரிதும் பேசப்பட்டது. ஒலிபரப்பை ஆள்வோர் கேட்போரை மயக்கி உறங்கவைக்கின்றனர் என்பது அதன் குற்றச்சாட்டு. இது செம்பொருள் அங்கதத்தின் பாற்படும். வானொலியை மிக நேசித்த ஒருவனாலன்றி இத்துணைக் கடுமையாகச் சினக்க இயலாது.

இச்சினம் ஒரு வினாவை எழுப்புகின்றது. நினைவுப் பாடல்கள் போற்றும் வானொலி அத்துணைத் தூயதோ? லக்சம்பேர்க்கின் நிகழ்ச்சிகள் பலவற்றுக்குப் பணம் செலுத்தியவர்கள் இசைத்தட்டு நிறுவனத்தாரே. இலங்கை வானொலியைத் தேடிய இந்தியர் கேட்ட அந்நிகழ்ச்சியின் பெயரில் நின்ற ‘பினாக்கா’ ஒரு பற்பசையின் பெயர். சிறுவனுக்கு நள்ளிரவில் வந்த விருந்து, வணிகர் அனுப்பிய விருந்து. இதனை நினைவுப் பாடல்கள் கூறாது விடுதல் ஒரு குறையே. பழமையை எண்ணி உருகும் உள்ளம் தனக்கு வேண்டியதை வைத்து, வேண்டாததைக் களைந்துவிடும் என்பது உண்மை.

ஆயினும் அக்குறை அப்பாடல்களின் உயிரைத் தீண்டாது. விற்றவன் விற்றது இசைத்தட்டு. கேட்டவன் பெற்றது உலகம். அனுப்பியவன் கருதியதற்கு மேலாகக் கேட்டவன் பெற்றுக்கொண்டான் என்பதையே டேர்க்கனும் றீட்டும் றிச்மனும் காட்டினர். அவர் பாடியது வானொலியின் தூய்மையை அன்று, கேட்டலின் ஆற்றலை.

எஞ்சுவது

இசைத்தட்டைப் பேணலாம், ஒலிப்பதிவை ஆவணக் காப்பகத்தில் வைக்கலாம், பழைய பெட்டியை அருங்காட்சியகத்தில் நிறுத்தலாம். குமிழைத் திருப்பிய கையின் நடுக்கத்தையும், இரைச்சலினூடே பாட்டு மறைந்தபோது உண்டான பதைப்பையும், அடுத்து என்ன வரும் என்னும் எதிர்பார்ப்பையும் எக்காப்பகமும் பேணாது. இன்று வேண்டிய பாட்டு வேண்டிய கணத்திற் கைத்தொலைபேசியில் வருகின்றது. அது பெரும்பேறே. ஆனால் அழைத்தவுடன் வருவதற்குக் காத்திருத்தல் இல்லை. காத்திருத்தல் இல்லாதவிடத்து முல்லை இல்லை. அந்த ஒழுக்கத்தின் பதிவாக எஞ்சுவன இத்தகைய பாடல்களே. இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுதல் தகாமைக்கு இதுவே காரணம்.

கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் நாள் தொடங்கி, 1949இல் இலங்கை வானொலி எனப் பெயர்பெற்று, 1967இற் கூட்டுத்தாபனமான ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தோர் இந்நாட்டிற் பலர். அவர்தம் நினைவுகளை எழுத முற்படுவோர்க்கு மேற்கண்ட ஆராய்ச்சி ஒரு நெறியைக் காட்டுகின்றது. அறிவிப்பாளர் பெயர்களையும் நிகழ்ச்சிகளின் பெருமையையும் அடுக்கிப் புகழ்வதோடு அமைதல் போதாது. பெட்டி எந்த மூலையில் இருந்தது, குமிழைத் தொட எவர்க்கு உரிமையிருந்தது, செய்தி வேளையிற் பேச்சடக்கியவர் யார், அயல்வீட்டார் எந்தத் திண்ணையில் வந்திருந்தனர், மழையிரவிற் பாட்டு எவ்விடத்தில் அறுந்தது என்பனவே எழுதத்தக்கவை. அவற்றைக் கூறவல்ல முதியோர் ஒவ்வொருவராய் மறைந்துவருகின்றனர். மாணவர் தத்தம் வீட்டு மூத்தோரிடம் இவற்றைக் கேட்டுக் குறித்து வைப்பராயின், நாளை இப்பொருளைப் பாடவரும் தமிழ்ப் புலவனுக்கு முதலும் கருவும் ஆயத்தமாயிருக்கும்.